அத்தியாயம் 7: பரவிய குடல் புற்றுநோய் – சிகிச்சைகளை ஒப்பிடுவது எப்படி?

"டாக்டர், எது பெஸ்ட்டோ அதையே குடுங்க. காசைப் பத்திக் கவலைப்படாதீங்க." ஸ்கேன் உறையும் கையுமாக வந்து உட்காரும் குடும்பங்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சொல்பவர் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். நோயாளி பக்கத்தில் பேசாமல் இருப்பார். சில நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருப்பார்.

எது சிறந்தது என்ற கேள்விக்கு எந்த நல்ல மருத்துவராலும் உடனே பதில் சொல்ல முடியாது. அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இந்தச் சிகிச்சையால் எதை அடையப் பார்க்கிறோம்? கட்டியின் மரபணு அறிக்கை என்ன சொல்கிறது? இவை தெரிந்துவிட்டால் மலைபோல் குவிந்திருக்கும் மருந்துப் பெயர்களில் உங்களுக்குப் பொருந்துவது இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அவற்றை ஒப்பிடுவது எளிது. இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் போகிறது.

எங்கே பரவுகிறது, ஏன்?

பெருங்குடலிலிருந்தும் மலக்குடலின் மேல்பகுதியிலிருந்தும் வரும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. குடலில் கட்டியிலிருந்து கழன்ற செல்கள் முதலில் சிக்கும் சல்லடை கல்லீரல். அதனால்தான் இந்த நோய் அதிகம் பரவும் இடமும் அதுவே. மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தம் வேறு பாதையில் போவதால், அங்கே தொடங்கும் நோய் கல்லீரலைத் தொடாமலே நுரையீரலுக்குப் போகலாம். மூன்றாவது இடம், வயிற்று உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வு.

கல்லீரலில் கட்டி என்றதும் "லிவர் கேன்சரும் வந்துவிட்டது" என்று உறவினர்கள் பேசத் தொடங்குவார்கள். அது கல்லீரல் புற்றுநோய் இல்லை. எந்த வயலில் விழுந்து முளைத்தாலும் நெல் நெல்தான் என்பதைப் போல, கல்லீரலில் வளர்ந்தாலும் அது குடல் புற்றுநோயே. அதற்கான மருந்துகளும் குடல் புற்றுநோய்க்கான மருந்துகளே.

பரவிவிட்டால் அது நான்காம் நிலை. ஆனால் நான்காம் நிலையில் இருக்கும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. கல்லீரலில் இரண்டு சிறு கட்டிகளோடு வருபவரும், கல்லீரல், நுரையீரல், சவ்வு என எங்கும் பரவி வருபவரும் காகிதத்தில் ஒரே எண்ணைப் பெறுகிறார்கள். முன்னவருக்கு நோய் முழுதாகக் குணமாகவும் வாய்ப்பு உண்டு.

எண்களைப் படிக்கும் முன்

ஆய்வுகள் பெரும்பாலும் "இடைநிலை ஆயுட்காலம்" என்ற அளவைச் சொல்லும். 30 மாதம் என்றால், ஆய்வில் இருந்தவர்களில் பாதிப்பேர் 30 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், பாதிப்பேர் அதற்குள் இறந்தார்கள் என்று பொருள். உங்கள் அப்பாவுக்கு 30 மாதம் கெடு என்று பொருள் இல்லை. மேலும், ஆய்வில் சேர்க்கப்படுபவர்கள் ஓரளவு தெம்பாக நடமாடுபவர்கள். படுக்கையில் இருப்பவருக்கு அதே எண்ணைப் பொருத்திப் பார்க்க முடியாது.

இன்னொரு அளவு, நோய் வளராமல் இருந்த காலம். ஒரு மருந்து இந்தக் காலத்தை நீட்டினாலும் ஆயுளை நீட்டாமல் போகலாம். யாராவது ஒரு மருந்தைப் புகழ்ந்து எண்ணைச் சொன்னால், "இது ஆயுட்காலமா, நோய் வளராத காலமா? எதோடு ஒப்பிட்டு?" என்று கேளுங்கள்.

முதல் கேள்வி: இலக்கு என்ன?

மருத்துவர்கள் நோயாளிகளை மனதுக்குள் மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் எந்தப் பிரிவு என்று வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் பிரிவு: பரவிய கட்டிகளை இப்போதே முழுதாக வெட்டி எடுக்கலாம். இலக்கு, குணப்படுத்துவது.

இரண்டாம் பிரிவு: இப்போது எடுக்க முடியாது. ஆனால் மருந்தால் சுருங்கினால் எடுக்கலாம். இலக்கு, கட்டியை வேகமாகச் சுருக்கி அறுவைக்குக் கொண்டுவருவது.

மூன்றாம் பிரிவு: அறுவைக்கு வழியில்லை. இலக்கு, நோயை முடிந்தவரை நீண்ட நாள் அடக்கி வைத்து, அந்த நாட்களை நல்லபடியாக வாழச் செய்வது.

முதல் பிரிவினருக்குக் கடுமையான சிகிச்சையைச் சில மாதம் தாங்குவது நியாயம். மூன்றாம் பிரிவினருக்கு அதே கடுமை தேவைதானா என்று யோசிக்க வேண்டும். ஒரே மருந்து ஒருவருக்குச் சரியாகவும் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தவறாகவும் இருப்பது இதனால்தான்.

இந்தப் பிரிவை முடிவு செய்ய வேண்டியவர் ஒருவர் மட்டும் இல்லை. கீமோ மருத்துவர், கல்லீரல் அறுவையில் கைதேர்ந்தவர், கதிரியக்க நிபுணர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஸ்கேனைப் பார்க்க வேண்டும். இதை டியூமர் போர்டு என்பார்கள். "எடுக்க முடியாது" என்று சொன்னவர் கல்லீரல் அறுவை செய்பவரா என்று பாருங்கள். இல்லையென்றால், இரண்டாவது கருத்து கேட்க வேண்டிய இடம் இதுதான்.

வெட்டி எடுப்பதும் மற்ற வழிகளும்

கல்லீரல் அறுவை: ஆரோக்கியமான கல்லீரலில் கால்பங்கு மிச்சமிருந்தாலே உடல் தாங்கும், சில வாரங்களில் அது மீண்டும் வளரத் தொடங்கிவிடும். நீண்ட கீமோவுக்குப் பிறகு என்றால் சுமார் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். அதனால் எத்தனை கட்டி என்பதைவிட, எடுத்த பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்பதே பெரிய கேள்வி. மிஞ்சுவது போதாது என்றால், எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் சிரைக் கிளையை அடைத்து, மறுபக்கத்தை வளரவைத்துவிட்டுப் பிறகு அறுவை செய்யும் முறை உண்டு. முழுதாக எடுக்க முடிந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். ஆனால் பலருக்கு நோய் திரும்ப வரும். சிலருக்கு மறுபடியும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கீமோ நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டே போனால், ஆக்சாலிபிளாட்டினும் இரினோடெகானும் கல்லீரலைப் பாதிக்கும். கட்டி ஸ்கேனில் மறைந்துபோய், அறுவை மருத்துவர் எங்கே வெட்டுவது என்று தேடும் நிலையும் வரும். மறைந்த இடத்தில் உயிருள்ள செல்கள் பெரும்பாலும் இருக்கும். ஆகவே அறுவை இலக்கென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, எடுக்கும் நிலை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

சுட்டுப் பொசுக்குதல்: 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு, ஊசியைச் செலுத்தி நுண்ணலை வெப்பத்தால் எரிக்கலாம். நெதர்லாந்தில் நடந்த கொலிஷன் ஆய்வு, இத்தகைய சிறு கட்டிகளில் இந்த முறை அறுவைக்குச் சளைத்ததில்லை, சிக்கல்களும் குறைவு என்று காட்டியது. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இது நல்ல செய்தி. கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருந்தால் மட்டும், ஓடும் ரத்தம் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் முழுதாக எரியாமல் போகலாம்.

துல்லியக் கதிர்வீச்சு: கல்லீரலிலோ நுரையீரலிலோ ஒன்றிரண்டு கட்டிகள், அறுவைக்கும் ஊசிக்கும் வசதியில்லாத இடத்தில் இருந்தால் இது கைகொடுக்கும். பொதுவாக ஐந்து அமர்வுகளுக்குள் முடிந்துவிடும்.

சவ்வில் பரவியது: கட்டிகளை எல்லாம் வழித்தெடுத்து, சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள் சுழலவிடும் ஹைப்பெக் முறை பற்றி விளம்பரங்களில் நிறையக் கேள்விப்படுவீர்கள். பிரான்சில் நடந்த பிரோடிஜ்-7 ஆய்வில், வழித்தெடுக்கும் அறுவை மட்டும் செய்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 41.2 மாதம், அதோடு ஆக்சாலிபிளாட்டின் ஹைப்பெக்கும் சேர்ந்தவர்களுக்கு 41.7 மாதம். பலன் தந்தது அறுவை; சூடான மருந்து இல்லை. "எனக்கு ஹைப்பெக் எதற்கு?" என்று கேட்டு, பதில் பெற்ற பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

கல்லீரல் மாற்று: 2024-இல் வெளிவந்த டிரான்ஸ்மெட் ஆய்வில், மாற்று அறுவையும் கீமோவும் பெற ஒதுக்கப்பட்டவர்களில் 57 சதவீதம் பேர் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம். ஆனால் நோய் கல்லீரலைத் தவிர வேறெங்கும் இல்லாத, கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்ட, சலித்தெடுத்த மிகச் சிலரே அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தாது.

குடலில் உள்ள மூலக்கட்டி: "முதலில் அதை எடுத்துவிடுங்கள்" என்று வீட்டார் வற்புறுத்துவது இயல்பு. ஆனால் பரவலை எடுக்க முடியாத நிலையில், மூலக்கட்டி அடைப்போ ரத்தக்கசிவோ தராதபோது, அதை எடுப்பதால் ஆயுள் நீளவில்லை என்று ஜப்பானில் நடந்த ஆய்வு காட்டியது. எடுத்துவிட்டுக் கீமோ பெற்றவர்களுக்கு 25.9 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 26.7 மாதம். அடைப்பு வந்தால் விஷயம் வேறு. ஸ்டென்ட் வைப்பதோ, வயிற்றில் மலப்பை பொருத்தும் அறுவையோ உடனே தேவைப்படும்.

இரண்டாம் கேள்வி: மரபணு அறிக்கை

பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகுக்கட்டியில் பதித்து ஆய்வகம் பாதுகாத்து வைத்திருக்கும். அதற்குப் பெயர் பிளாக். மரபணுப் பரிசோதனைகள் அந்த பிளாக்கில்தான் நடக்கும். பெரும்பாலும் நோயாளியை மறுபடி குத்தத் தேவையில்லை. வேறு ஊர் மருத்துவமனைக்கு மாறும்போது ஸ்கேன் சிடியோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள் இவை:

ராஸ் (கே-ராஸ், என்-ராஸ்): ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதில் மாற்றம் இருக்கும். மாற்றம் இருந்தால் செடுக்ஸிமாப், பனிடுமுமாப் என்ற இரண்டு மருந்துகளும் பயன்படாது. அறிக்கை இல்லாமல் அவற்றைத் தொடங்கினால் காசும் போகும், காலமும் போகும்.

பி-ராஃப் வி600இ: சுமார் 8 முதல் 10 சதவீதம் பேருக்கு இருக்கும். இது வேகமாக வளரும் வகை. ஆனால் இப்போது இதற்கென்றே மருந்து உண்டு.

எம்எஸ்ஐ அல்லது எம்எம்ஆர்: பரவிய நோயாளிகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு மட்டும் இது சாதகமாக வரும். அவர்களுக்கு முழுச் சிகிச்சையும் வேறு. எம்எம்ஆர் என்பது சாதாரணத் திசுச் சாயப் பரிசோதனை. செலவும் மற்றவற்றைவிடக் குறைவு. பணமில்லாததால் எல்லாம் செய்ய முடியாவிட்டாலும் இதை விடாதீர்கள். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் காரணத்தை இது காட்டிக்கொடுக்கலாம் என்பதால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட இது உதவும்.

ஹெர்-2: 3 முதல் 5 சதவீதம் பேருக்கு மிகையாக இருக்கும்.

இவற்றோடு, கட்டி குடலின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். இடப்பக்கக் கட்டியும் வலப்பக்கக் கட்டியும் ஒரே மருந்துக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை.

கீமோ: எதை எதோடு ஒப்பிடுவது?

பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையின் முதுகெலும்பு இன்றும் கீமோதான். நான்கு மருந்துகள், சில கூட்டணிகள்.

ஃபோல்ஃபாக்ஸ்: ஆக்சாலிபிளாட்டினும் 5-எஃப்யூவும். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. மார்பில் தோலுக்கடியில் போர்ட் வைத்து, 46 மணி நேரம் மருந்து இறங்க வேண்டும். பம்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் வந்து கழற்றிக்கொள்ளலாம். சென்னையிலோ வேலூரிலோ அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு இந்த மூன்று நாள் கணக்கு முக்கியம்.

கேப்பாக்ஸ்: ஆக்சாலிபிளாட்டின் ஊசி ஒரு நாள், பிறகு கேப்சிடபின் மாத்திரை 14 நாள், ஓய்வு 7 நாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், பம்பு தேவையில்லை. பலன் ஃபோல்ஃபாக்ஸுக்குச் சமம். தூரத்து ஊர்க்காரர்களுக்கு வசதி. ஆனால் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடக்கூடியவராக, வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிட்டுப் போன் செய்யத் தெரிந்தவர் வீட்டில் உள்ளவராக இருக்க வேண்டும்.

ஃபோல்ஃபிரி: ஆக்சாலிபிளாட்டினுக்குப் பதில் இரினோடெகான். முதலில் ஃபோல்ஃபாக்ஸ், பிறகு ஃபோல்ஃபிரி. அல்லது முதலில் ஃபோல்ஃபிரி, பிறகு ஃபோல்ஃபாக்ஸ். பிரான்சில் 2004-இல் வெளிவந்த ஆய்வில் இரண்டு வரிசைக்கும் ஆயுட்காலம் ஏறக்குறைய ஒன்றே: 20.6 மாதமும் 21.5 மாதமும். எனவே இங்கே தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது பக்கவிளைவுதான். தையல்காரர், டைப்பிஸ்ட், நாதஸ்வரக் கலைஞர் போல விரல்நுனியால் பிழைப்பவருக்கும், ஏற்கெனவே சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கும் ஆக்சாலிபிளாட்டினைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே வயிற்றுப்போக்கால் அவதிப்படுபவருக்கு இரினோடெகான் கடினம். முடியும் அதிகம் கொட்டும்.

மூன்றும் சேர்ந்தது: ஃபோல்ஃபாக்ஸிரி. கட்டியை அதிகம் சுருக்கும், உடலையும் அதிகம் வாட்டும். இரண்டாம் பிரிவில் இருக்கும் திடமான உடல்வாகினருக்கு உரியது.

கேப்சிடபின் மட்டும்: 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் தளர்ந்தவர்களுக்கும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்தே நடந்த ஏவெக்ஸ் ஆய்வில், இதோடு பெவாசிசுமாப் சேர்த்தபோது நோய் வளராத காலம் 5.1 மாதத்திலிருந்து 9.1 மாதமாக நீண்டது.

ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. பிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தால் விரல் சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தது போலாகும்; குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். இது தானே போய்விடும். ஆனால் சுற்றுகள் கூடக் கூட வரும் மரப்பு அப்படிப் போகாது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சில்லறையைத் தடவி எண்ண முடியவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள். சில மாதம் கழித்து ஆக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம். அதனால் பலன் குறைவதில்லை.

கேப்சிடபினை உணவு முடிந்து அரைமணிக்குள் போட வேண்டும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம். விரல் ரேகையே மங்கிப் போகலாம். ரேகை அழிந்ததால் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரைப் பற்றி 2009-இல் மருத்துவ இதழில் பதிவு வந்தது. நம் ஊரில் ரேஷன் கடைக் கருவியும் ஆதார் சரிபார்ப்பும் இதே சிக்கலைத் தரலாம். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரை இந்த மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டும் என்பதால் கேட்காமல் போட வேண்டாம்.

எந்தக் கீமோவிலும் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. 5-எஃப்யூ, கேப்சிடபின் எடுக்கும்போது நெஞ்சுவலி வந்தாலும் அப்படித்தான்.

கீமோவோடு சேரும் இலக்கு மருந்துகள்

பெவாசிசுமாப் கட்டிக்கு ரத்தம் போகும் புதுக் குழாய்கள் வளராமல் தடுக்கிறது. ராஸ் எப்படியிருந்தாலும் கொடுக்கலாம். ரத்த அழுத்தம் கூடும். சிறுநீரில் புரதம் போகலாம். அரிதாகக் குடல் ஓட்டையாகும். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அறுவைக்குச் சுமார் ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பல் பிடுங்குவதென்றாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செடுக்ஸிமாப், பனிடுமுமாப் இரண்டும் ராஸ் மாற்றம் இல்லாதவர்களுக்கு மட்டும். முகத்திலும் மார்பிலும் பரு போலப் பொரியும். ரத்தத்தில் மக்னீசியம் குறையும். கல்யாண வீட்டுக்குப் போகக் கூச்சப்பட்டுச் சிகிச்சையையே நிறுத்தியவர்கள் உண்டு. தொடக்கத்திலேயே களிம்பும் டாக்ஸிசைக்கிளினும் கொடுத்தால் பெருமளவு அடங்கும்.

இரண்டில் எது? ஜப்பானின் பாரடைம் ஆய்வில், ராஸ் மாற்றமில்லாத இடப்பக்கக் கட்டிக்கு பனிடுமுமாப் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 37.9 மாதம், பெவாசிசுமாப் சேர்த்தவர்களுக்கு 34.3 மாதம். வலப்பக்கக் கட்டிக்கு அந்த ஆதாயம் இல்லை. ஆகவே சுருக்கமான விதி: இடப்பக்கம், ராஸ் மாற்றமில்லை என்றால் பனிடுமுமாப் அல்லது செடுக்ஸிமாப், வலப்பக்கம் அல்லது ராஸ் மாற்றம் என்றால் பெவாசிசுமாப். வசதியில்லாமல் இரண்டையும் விட்டுக் கீமோ மட்டும் பெறுபவர், சிகிச்சையின் பெரும்பங்கைப் பெற்றவரே. அந்தக் குற்ற உணர்வு எந்த மகனுக்கும் வேண்டாம்.

சிலருக்கு மட்டும் திறக்கும் கதவுகள்

எம்எஸ்ஐ சாதகமானவர்களுக்கு நோய் எதிர்ப்பு மருந்தே (இம்யூனோதெரபி) முதல் தேர்வு. கீநோட்-177 ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் வளராத காலம் 16.5 மாதம், கீமோ பெற்றவர்களுக்கு 8.2 மாதம். மருந்தால் வந்த கடும் பக்கவிளைவு 22 சதவீதம் பேருக்கு. கீமோவில் 66 சதவீதம். நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், இரண்டாண்டு கழிந்தும் 72 சதவீதம் பேருக்கு நோய் வளரவில்லை. எம்எஸ்ஐ சாதகமில்லாத மற்ற 95 சதவீதம் பேருக்கு இந்த மருந்துகள் தனியாகப் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. "இம்யூனோதெரபி புதுசு, அதையே கொடுங்கள்" என்று நிலத்தை விற்க வேண்டாம்.

பி-ராஃப் மாற்றம் உள்ளவர்களுக்கு எங்கோராஃபெனிபும் செடுக்ஸிமாபும். முன்பு கீமோ தோற்ற பிறகே கொடுத்தார்கள். 2025-இல் வெளிவந்த பிரேக்வாட்டர் ஆய்வில், தொடக்கத்திலேயே ஃபோல்ஃபாக்ஸோடு சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 15.1 மாதத்திலிருந்து 30.3 மாதமாக உயர்ந்தது. ஹெர்-2 மிகையாகவும் ராஸ் மாற்றமில்லாமலும் இருப்பவர்களுக்கு டிராஸ்டுசுமாபோடு டுகாடினிப். கே-ராஸ் ஜி12சி என்ற தனி மாற்றம் சுமார் 3 சதவீதம் பேருக்கு உண்டு. ராஸ் மாற்றமானாலும், இதற்கு மட்டும் சோடோராசிபோடு சேர்த்து பனிடுமுமாப் கொடுக்கலாம்.

இவையெல்லாம் தோற்ற பிறகு

இரண்டு வரிசைச் சிகிச்சையும் பலிக்காதபோது சொல்லப்படும் பெயர்கள் ரெகோராஃபெனிப், டிரைஃப்ளூரிடின்-டிபிராசில், ஃப்ரூக்விண்டினிப். இங்கே எண்களை நிதானமாகப் பாருங்கள். ரெகோராஃபெனிப் பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுட்காலம் 6.4 மாதம், வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 5 மாதம். டிரைஃப்ளூரிடின்-டிபிராசிலோடு பெவாசிசுமாப் சேர்த்த சன்லைட் ஆய்வில் 10.8 மாதம்; சேர்க்காமல் 7.5. நடமாட்டத்தோடு இருப்பவருக்கு இந்த மாதங்கள் பெறுமதியானவை. பாதி நாளைப் படுக்கையில் கழிப்பவருக்கு இவை கூடுதல் களைப்பையே தரும்.

வலிநிவாரண மருத்துவம் கடைசி வாரத்துக்கு உரியது என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். 2010-இல் வெளிவந்த நுரையீரல் புற்றுநோய் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அதைச் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாகவும், மற்றவர்களைவிடச் சற்று அதிக காலமும் வாழ்ந்தார்கள். மார்ஃபின் மாத்திரை மருத்துவர் சொன்ன அளவில் பாதுகாப்பானது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. வலி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

செலவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்த மருந்துக்கு அனுமதி, எதற்கு இல்லை என்று மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரிகள், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் அடிப்படைக் கீமோவுக்குக் குறைவான செலவே ஆகும். 5-எஃப்யூ, ஆக்சாலிபிளாட்டின், இரினோடெகான், கேப்சிடபின் எல்லாம் காப்புரிமை முடிந்தவை. பெவாசிசுமாபின் உயிரி நகலை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. "இந்தியத் தயாரிப்பு இருக்கிறதா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். முழுச் சுற்றுகளுக்கும் ஆகும் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சுற்றைப் பெருஞ்செலவில் தொடங்கி மூன்றாவதில் நிறுத்துவது, குறைந்த செலவுச் சிகிச்சையைத் தொடர்ந்து பெறுவதைவிடத் தீங்கு.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

1. எங்கள் இலக்கு குணமா, சுருக்கி அறுவை செய்வதா, அடக்கி வைப்பதா?
2. கல்லீரல் அறுவை செய்பவர் ஸ்கேனைப் பார்த்தாரா? என்ன சொன்னார்?
3. ராஸ், பி-ராஃப், எம்எம்ஆர், ஹெர்-2 முடிவுகள் வந்துவிட்டனவா? வராவிட்டால் காத்திருக்கலாமா, கீமோவை மட்டும் தொடங்கலாமா?
4. நீங்கள் சொல்லும் சிகிச்சைக்கு மாற்று என்ன? அதைவிட இதில் என்ன கூடுதல் பலன்?
5. எத்தனை நாளுக்கு ஒருமுறை வரவேண்டும்? எத்தனை நாள் தங்கவேண்டும்?
6. எந்தப் பக்கவிளைவுக்கு நள்ளிரவில் வரவேண்டும்? யாருக்குப் போன் செய்ய வேண்டும்?
7. பலன் இருக்கிறதா என்று எப்போது, எந்த ஸ்கேனில் பார்ப்போம்? இல்லையென்றால் அடுத்தது என்ன?
8. மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீடு எவ்வளவு தரும்?
9. எதுவும் செய்யாமல் வலிக்கும் தொந்தரவுக்கும் மட்டும் மருத்துவம் பார்த்தால் என்ன ஆகும்?

ஒன்பதாவது கேள்வியைக் கேட்கக் குடும்பங்கள் அஞ்சுகின்றன. ஆனால் அதன் பதில் தெரியாமல் மற்ற எதையும் ஒப்பிட முடியாது.

இந்தக் கேள்விகளை நோயாளி இல்லாமல் கேட்காதீர்கள். "அப்பா தாங்கமாட்டார்" என்று மறைக்கும் வீடுகளில், அப்பாவுக்கு விஷயம் தெரிந்தேயிருக்கும், பேசத்தான் ஆளிருக்காது. பேரன் கல்யாணம்வரை தெம்பாக இருக்க வேண்டும் என்பாரா, ஆஸ்பத்திரிப் படியேறாமல் சொந்த ஊரில் இருக்க வேண்டும் என்பாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவசரம் என்று சொல்லப்பட்டாலும், குடல் அடைப்போ ரத்தப்போக்கோ கல்லீரல் செயலிழப்போ இல்லாதவரை, இந்தக் கேள்விகளுக்குப் பதில் பெற ஓரிரு வாரம் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் கெடுதல் வராது. பதில்களைப் பெற்ற பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்தை நோயாளியே போடட்டும்.